ஓஷ்4: திரும்பும்போதும் சுமை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்ட் செல்லில் லிப்பிட் (கொழுப்பு வகை மூலக்கூறு) கடத்தும் புரதங்கள் பற்றி அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையில், ஓஷ்4 'கொலஸ்ட்ராலைச் சுமக்கும் புரதம்' என்றும், அது இல்லையேல் ஈஸ்ட் இறந்துவிடும் என்றும் இருந்தது. ஈஸ்டின் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால் அல்ல, அதே ஸ்டெரால் குடும்பத்தைச் சேர்ந்த எர்கோஸ்டெரால். ஓஷ்4 சோதனைக் குழாயில் கொலஸ்ட்ராலையும் பிடிக்கும் என்பதால் வந்த குழப்பமாக இருக்கலாம். இறப்பு விஷயமும் சரியல்ல. ஈஸ்டில் ஓஷ் மரபணுக்கள் ஏழு. அவற்றில் எந்த ஒன்றை நீக்கினாலும் செல் பிழைக்கும். ஏழையும் நீக்கினால்தான் பிழைக்காது.

இவை சிறு பிழைகள். கட்டுரை இதை ஒருவழிப் போக்குவரத்தாகக் காட்டியதுதான் பெரிய குறை. போன லாரி வெறுமனே திரும்பாமல் திரும்புசுமை ஏற்றி வருவதுபோல ஓஷ்4 இரு திசையிலும் சுமக்கிறது. போகிற சரக்குக்கான செலவை அந்தத் திரும்புசுமைதான் ஈடுகட்டுகிறது.

ஓஷ்4இல் 434 அமினோ அமிலங்கள் உண்டு. 2005இல் வெளியான படிக அமைப்பில், 19 பீட்டா இழைகள் முழுதாக மூடாத ஒரு பீப்பாயாக வளைந்து, நடுவே நீர் வெறுக்கும் குகையை உண்டாக்குவது தெரிந்தது. ஸ்டெரால் தன் ஹைட்ராக்சில் முனை அடியில் இருக்கும்படி தலைகீழாக உள்ளே இறங்குகிறது. முதல் 29 அமினோ அமிலங்கள் மூடியாக அமைந்து வாயை அடைக்கின்றன. 2011இல்தான் இன்னொரு சரக்கு வெளிப்பட்டது: பாஸ்பாடிடைல்இனோசிடால்-4-பாஸ்பேட், சுருக்கமாக பிஐ4பி. இதன் கொழுப்பு வால்கள் அதே குகைக்குள் போகின்றன. பாஸ்பேட் தலையை வாயருகே உள்ள 143, 144ஆம் ஹிஸ்டிடின்கள் பிடிக்கின்றன. இடம் ஒருவருக்குத்தான். எர்கோஸ்டெரால் இருந்தால் பிஐ4பி ஏற முடியாது, பிஐ4பி இருந்தால் எர்கோஸ்டெரால் ஏற முடியாது. மாற்றுச் சரக்காக ஏறி இறங்குவது இதனால்தான்.

எர்கோஸ்டெரால் செல்லுக்குள் உள்ள எண்டோபிளாச வலை என்ற சவ்வு வலையில் உற்பத்தியாகிறது, ஆனால் அங்கே அதன் செறிவு குறைவு. செல்லின் வெளிச் சவ்வான பிளாஸ்மா சவ்விலோ மிக அதிகம்; அங்கே போகும் வழியில் உள்ள கோல்கை என்ற உறுப்பிலும் அதிகம். குறைவான இடத்திலிருந்து அதிகமான இடத்துக்குத் தள்ள ஆற்றல் வேண்டும். ஓஷ்4 தானாக ஏடிபியை (செல்லின் ஆற்றல் மூலக்கூறை) உடைப்பதில்லை. கோல்கையில் பிக்1 என்ற கைனேஸ் (பாஸ்பேட் சேர்க்கும் நொதி) ஏடிபி செலவழித்து பிஐ4பி செய்கிறது. ஓஷ்4 தான் கொண்டுவந்த எர்கோஸ்டெராலைக் கோல்கையில் இறக்கிவிட்டு, அந்தப் பிஐ4பியை எடுத்துக்கொண்டு எண்டோபிளாச வலைக்குத் திரும்புகிறது. எண்டோபிளாச வலையில் சாக்1 என்ற பாஸ்படேஸ் அந்தப் பாஸ்பேட்டை வெட்டிவிடுகிறது. பிஐ4பி அங்கே சேராமல் போவதால் அதன் செறிவு வேறுபாடு தொடர்கிறது, சுற்றும் நிற்பதில்லை. சாக்1ஐ விட்டுவிட்டு ஓஷ்4ஐ மட்டும் விளக்கினால் பாதிக் கதைதான்.

ஆய்வகத்தில் இதை அளக்கும் மாணவர்களுக்குச் சில சொற்கள். ஒரு லைப்போசோமில் (லிப்பிடால் ஆன செயற்கை நுண்குமிழியில்) தானே ஒளிரும் டீஹைட்ரோஎர்கோஸ்டெராலை 5 மோல் விழுக்காடும், டான்சில் என்ற ஒளிரும் சாயம் இணைத்த லிப்பிடை 2.5 விழுக்காடும் கலப்பது வழக்கம். 310 நானோமீட்டரில் தூண்டினால் ஆற்றல் டான்சிலுக்குத் தாவி 525 நானோமீட்டர் அருகே ஒளி வரும். ஸ்டெரால் மற்ற லைப்போசோமுக்குப் போகப்போக அந்த ஒளி குறையும். அந்த இரண்டாவது லைப்போசோமில் பிஐ4பி இருந்தால் வேகம் ஏறத்தாழ பத்து மடங்காகும்.

ஆனால் ஒளி குறைவதெல்லாம் கடத்தல் அல்ல. புற ஊதா ஒளியிலும் ஆக்சிஜனிலும் இந்த ஸ்டெரால் கெடும். புரதம் சேர்க்காத குவெட்டிலும் (அளவீட்டுக் குப்பியிலும்) சரிவு தெரிந்தால் அதுதான் காரணம். ஆர்கான் வாயுவில், இருட்டில் வையுங்கள். லைப்போசோம்கள் ஒன்றோடொன்று இணைந்தாலும் லிப்பிட் நீர்த்து அதே சரிவு வரும். சோதனைக்கு முன்னும் பின்னும் ஒளிச்சிதறலால் விட்டம் பாருங்கள். பிஐ4பி வெறும் குளோரோபாரத்தில் சரியாகக் கரையாது. குளோரோபாரம், மெத்தனால், நீர் 20:9:1 கலவை தேவை. கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், குறித்த அளவை விடக் குறைவாகவே லைப்போசோமுக்குள் போயிருக்கும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். மூடியின் தொடக்கப் பகுதி வளைவு மிகுந்த, அதாவது சிறிய லைப்போசோமின், சவ்வை விரும்புவதால், 200 நானோமீட்டர் துளை வடிகட்டியில் ஒரு நாளும் 50இல் மறுநாளும் செய்த தயாரிப்புகளை ஒப்பிடவும் கூடாது.

கட்டுப்பாட்டுக்கு 143, 144 ஹிஸ்டிடின்களை அலனினாக மாற்றிய வடிவம் பயன்படும். அது ஸ்டெராலைக் கடத்தும், பிஐ4பியைப் பிடிக்காது. இந்த வடிவத்துடன் பிஐ4பி சேர்த்தும் வேகம் கூடாவிட்டால் உங்கள் அளவீடு நம்பத்தக்கது.

சோதனைக் குழாயில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது உயிருள்ள செல்லில் அப்படியே நடக்கிறதா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஓஷ் புரதங்கள் அனைத்தும் செயலிழந்த ஈஸ்டிலும் பிளாஸ்மா சவ்வுக்கும் எண்டோபிளாச வலைக்கும் இடையே ஸ்டெரால் நகர்வதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. கோல்கையில் பிஐ4பியைக் கட்டுப்படுத்துவதே ஓஷ்4இன் முதன்மை வேலை என்று வாதிடுவோர், செக்14 என்ற இன்னொரு லிப்பிட் கடத்தும் புரதம் இன்றி இறக்கவேண்டிய செல் ஓஷ்4ஐயும் நீக்கினால் பிழைப்பதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். என் பார்வையில் இரண்டும் ஒரே பரிமாற்றத்தின் இரு முனைகளாக இருக்கலாம். கட்டுரை இந்த விவாதத்தையும் ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்,
கோயம்புத்தூர்