மகனுக்கு, ஒரு பிள்ளையின் படிப்பை ஏற்பது பற்றி

அன்புள்ள தம்பி,

நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதைப் போனில் பேசித் தீர்க்க முடியாது. பேச்சு சூடு பிடிக்கும்போது சிக்னல் போய்விடும், இல்லையென்றால் பேத்தி போனைப் பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

மெல்பர்னில் ஏதோ மாலில் பிள்ளைகளின் போட்டோக்களை அடுக்கி வைத்து, மாதம் இத்தனை டாலர் கொடுத்தால் இந்தப் பிள்ளை படிக்கும் என்று கேட்டார்களாம். மருமகள் அங்கேயே கையெழுத்துப் போட நின்றாளாம், நீ இழுத்துக்கொண்டு வந்துவிட்டாயாம். பணம் போய்ச் சேருமா என்றாய். சேர்ந்தாலும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்து என்ன ஆகப்போகிறது, நம் ஊரில் அரசாங்கமே எல்லாம் கொடுக்கிறதே என்றாய். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் நின்றவளிடம் அதைக் கேட்டுவிட்டாய்.

அரசாங்கம் கொடுக்கிறது, உண்மைதான். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோது வகுப்பில் தலை எண்ணிக்கை எப்படிக் கூடியது என்று எனக்கு முன்னால் இருந்த ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது 2022-லிருந்து தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் உண்டு. புத்தகம், நோட்டு, சீருடை, செருப்பு, பஸ் பாஸ், பதினொன்றாவதில் சைக்கிள். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2024-லிருந்து பையன்களுக்கும் அதே தொகை. இந்தியாவில் எத்தனை மாநிலத்தில் இப்படி உண்டு? குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் இதெல்லாம் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்துசேர்ந்த பிள்ளைக்கு. நம் திண்டிவனம், மரக்காணம் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து அந்த வாசலுக்கு வருவது எப்படி என்று நீ பார்த்ததில்லை. அங்கிருந்து வந்த ஒரு பையன் உன்னோடு மூன்றாம் வகுப்பு வரை படித்தானே, வரப்பில் எலி வளை கண்டுபிடித்து எல்லோருக்கும் காட்டுவான், நீகூட அவன் பின்னாலேயே சுற்றுவாய். நாலாம் வகுப்பில் அவன் ஏன் இல்லை என்று ஒரு நாள் கேட்டாய். சூளைக்குப் போய்விட்டான் என்றேன். அதற்குமேல் கேட்கிற வயசு உனக்கு அப்போது இல்லை. இப்போது சொல்கிறேன்.

தை பிறந்தால் செங்கல் சூளைகளில் வேலை தொடங்கும். அதற்கு முன்பே மேஸ்திரி வந்து வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். கல்யாணமோ, காய்ச்சலோ, மழைக்காலத்தில் வேலை இல்லாத வயிறோ, ஏதோ ஒன்றுக்கு அந்தப் பணம் கரைந்திருக்கும். அதைக் கழிக்கக் குடும்பமே கிளம்பும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. புருஷனும் பெண்டாட்டியும் கல் அறுத்தால், பச்சைக்கல்லை வெயிலில் புரட்டிப் போடுவது பிள்ளைகள் வேலை. எடை குறைவாக இருப்பதால் அவர்கள் அந்தக் கல்லின் மேலேயே நடக்கலாம், உடையாது என்று ஒரு சூளைக்காரர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். திரும்பி வருவது ஆடிக்கு முன்னால்தான். முழுப் பரீட்சையும் பொதுத்தேர்வும் எந்த மாதம் என்று நீயே எண்ணிப் பார். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்தது, அதன்கீழ் மீட்கப்பட்ட குடும்பங்களில் இருளர்கள் ஏராளம். மீட்டு வந்த பிறகும் அடுத்த தைக்கு அடுப்பு எரிய வேண்டுமே.

அவர்கள் முன்பு இப்படி இல்லை. பாம்பு பிடித்துத் தோல் விற்றுப் பிழைத்தவர்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது, பின்னால் தோல் ஏற்றுமதியும் நின்றது. பாம்பைப் பாதுகாத்தது சரிதான், அதை நம்பி இருந்தவர்களுக்கு மாற்று யார் யோசித்தார்கள்? 1978-ல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்து, பாம்புக்கடி மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுத்துச் சில நூறு குடும்பம் நிமிர்ந்தது. மீதிப் பேர் விறகு வெட்ட, கரி போட, அரிசி ஆலைக்கு, சூளைக்கு. அந்த இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மலைப்பாம்பு பிடிக்க அமெரிக்கா ஃப்ளோரிடா வரை கூப்பிட்டுப் போனார்களே, அவர்கள்தான். அறிவுக்கு அங்கே பஞ்சமில்லை.

இன்னொன்று சாதிச் சான்றிதழ். பழங்குடிக்கு அதைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை வரும். அப்பாவுக்கு இருக்கிறதா என்பார்கள். அப்பா பள்ளிக்கூடமே போகாதவர், அவருக்கு எங்கிருந்து வரும்? அந்தக் காகிதம் இல்லாமல் கல்வி உதவித்தொகை இல்லை, பழங்குடிக்கென்று இருக்கும் ஒரு சதவீத இடத்தில் உட்காரவும் முடியாது. ஒரு நாள் அலுவலகத்துக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. அய்யா இன்று இல்லை, நாளை வா என்பார்கள். இரண்டு முறை அலைந்தவர் மூன்றாம் முறை போகமாட்டார். நானும் போகமாட்டேன்.

இந்த இடத்தில்தான், தம்பி, ஒரு பிள்ளையின் படிப்பை ஒருவர் ஏற்றுக்கொள்வது வேலை செய்கிறது. எங்கள் பள்ளியில் கணக்கு சார் ஒருவர் இருந்தார். உனக்கும் பாடம் எடுத்தவர், பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. ஆறாம் வகுப்பில் ஓர் இருளர் பையனைப் பொறுப்பெடுத்துக்கொண்டார். செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. தை மாதம் வந்தால் பையனை விடுதியில் விட்டுவிட்டுப் போங்கள், அவன் கையால் வரும் கூலி எவ்வளவோ அதை நான் தருகிறேன் என்று பெற்றோரிடம் பேசினார். சான்றிதழுக்கு அவரே கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்தார். படித்த ஆள், வெள்ளைச் சட்டை, நாலு கேள்வி கேட்பார் என்றதும் கோப்பு நகர்ந்தது. மற்றபடி அவர் செய்ததெல்லாம் திங்கள்கிழமை தோறும் அந்தப் பையனைக் கூப்பிட்டு, “என்னடா, போன வாரம் என்ன நடத்தினாங்க?” என்று கேட்டதுதான். பையன் சொல்ல வேண்டுமே என்பதற்காகவே வகுப்பில் காது கொடுத்து உட்கார்ந்தான். நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் தினமும் கேட்டுத் தொல்லை செய்கிறோமே, அந்தத் தொல்லையே கிடைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவன் கலெக்டர் ஆகவில்லை. ஐ.டி.ஐ. முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். ஆனால் அவன் தங்கச்சி சூளைக்குப் போகவில்லை. அவன் குடியிருப்பில் இன்று யாருக்குச் சான்றிதழ் வேண்டுமென்றாலும் லீவு போட்டு வந்து கூட நடப்பவன் அவன்தான். ஒரு பிள்ளைக்குக் கொடுத்து என்ன ஆகும் என்று கேட்டாயே, இதுவரை எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

இது நான் பார்த்த ஒரு கதைதானே என்று நீ சொல்வாய், புள்ளிவிவரம் கேட்பாய். அதுவும் இருக்கிறது. 2013-ல் புரூஸ் வைடிக், பால் கிளெவ், லெய்ன் ரட்லெட்ஜ் என்ற மூன்று பேர் ஒரு பெரிய பொருளாதார ஆய்விதழில் எழுதினார்கள். இந்தியா, உகாண்டா, கென்யா, குவாத்தமாலா, பொலிவியா, பிலிப்பைன்ஸ் என்று ஆறு நாடு, பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்கள். கம்பாஷன் என்ற கிறிஸ்தவ நிறுவனத்தின் உதவியில் படித்த பிள்ளைகள் வளர்ந்தபின் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதில் எனக்குப் பிடித்தது அவர்கள் ஒப்பிட்ட விதம். அந்த நிறுவனம் ஓர் ஊருக்குள் புதிதாக நுழையும்போது 12 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும்தான் சேர்க்கும். வயது தாண்டிய அண்ணனுக்குக் கிடையாது, தம்பிக்கு உண்டு. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே வறுமை. கெட்டிக்காரப் பிள்ளையாகப் பொறுக்கி எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. உதவி பெற்றவர்கள் ஓராண்டிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்தார்கள், பள்ளி முடித்தவர்களும் நல்ல வேலையில் இருந்தவர்களும் அதிகம். ஒரு வருஷம்தானா என்று உதட்டைப் பிதுக்காதே. பத்தாவதில் நின்றவனுக்கும் பதினொன்றில் கால் வைத்தவனுக்கும் இடையே இருப்பது அந்த ஒரு வருஷம்தான். பணத்தால் மட்டும் இது நடக்கவில்லை, பிள்ளைகளின் ஆசையே பெரிதானதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். கணக்கு சாரின் திங்கள்கிழமைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

தோற்றதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா விளம்பரம் செய்கிறாள் என்பாய். என்னிடம் படித்த ஒரு பெண், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவளுக்கும் ஒருவர் செலவு ஏற்றிருந்தார். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடுவார்கள், கன்னியம்மனைக் கும்பிட்டு, கல்யாணம் பேசி, அங்கேயே முடிப்பதும் உண்டு. பார்க்க அவ்வளவு அழகான திருவிழா. அவள் போனாள், பத்தாவது பரீட்சைக்கு வரவில்லை. பணம் அனுப்பியவர் வருஷத்துக்கொரு போட்டோ வாங்கிக்கொண்டதோடு சரி. வீட்டில் அவளுக்காகப் பேச ஆள் இல்லை.

போட்டோ என்றதும் நினைவு வருகிறது. படம் காட்டிப் பிள்ளைக்குப் பணம் கேட்கும் இந்த வழக்கம் போர்க்காலத்தில் பிறந்தது. 1937-ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தவித்த பிள்ளைகளுக்காக ஒரு நிறுவனம், 1952-ல் கொரியப் போரின் அநாதைகளுக்காக இன்னொன்று. பெற்றவர்களை இழந்த பிள்ளைக்கு அது பொருந்தும். அம்மா அப்பா உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அதே மாதிரி செய்தால், தன் பிள்ளைக்குச் சோறு போட வெளிநாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருக்கிறதே என்று அப்பன் தலை குனிவான். நன்றி சொல்லிக் கடிதம் எழுது என்று பிள்ளையை உட்கார வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்காது. இன்றைக்குப் பல பெரிய நிறுவனங்கள் பணத்தைப் படத்தில் இருக்கும் பிள்ளையிடம் தனியாகக் கொடுப்பதில்லை. ஊருக்குப் பொதுவாகத் தண்ணீர், பள்ளி, மருத்துவம் என்று செலவிடுகின்றன. அது நியாயம்தான், பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏங்காது. ஆனால் படத்தைக் காட்டிக் கேட்கும்போதே அதைச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடுமுன் மருமகளை இந்த ஒன்றைக் கேட்கச் சொல்.

பணம் போய்ச் சேருமா என்பதற்கு இப்போது வருகிறேன். நான் சொன்ன அந்த கம்பாஷன் நிறுவனம் 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே போய்விட்டது. வெளிநாட்டுப் பணம் வாங்கும் அனுமதியில் மத்திய அரசோடு தகராறு, மதமாற்றக் குற்றச்சாட்டு, அவர்கள் மறுப்பு. யார் பக்கம் நியாயம் என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. 1.4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்தது நின்றுபோனது, அதுதான் எனக்கு முக்கியம். தூரத்தில் இருக்கும் ஒரே கயிற்றில் ஒரு பிள்ளையின் படிப்பைத் தொங்கவிடக் கூடாது.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது. நீ இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்காரன். உன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக இங்கே ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. மருமகள் அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டாள். அவள் அனுப்பினால் வரும், அதற்கென்று உள்துறை அனுமதியும் டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் தனிக் கணக்கும் உள்ள நிறுவனம்தான் வாங்க முடியும். அதனால் அனுப்புவது உன் கணக்கிலிருந்து இருக்கட்டும், பேர் அவளுக்கு இருக்கட்டும். உங்கள் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

செய்வதாக இருந்தால் இங்கே செய், ஆறாம் வகுப்பில் தொடங்கு. ஐந்திலிருந்து ஆறுக்குப் பள்ளி மாறும்போதும், பத்தாவது முடியும்போதும்தான் அதிகம் உதிர்ந்து போகிறார்கள். பன்னிரண்டாவது முடியும்வரை நிறுத்தமாட்டேன் என்றால் மட்டும் ஆரம்பி. ஏழு வருஷம். உனக்கு வேலை போனாலும் இதைக் குறைக்க மனசு வராத தொகையாகப் பார்த்து வை, பெரிய தொகை வேண்டாம். பிள்ளையை ஊரை விட்டுக் கொண்டுபோய் எங்கோ இங்கிலீஷ் மீடியத்தில் போடும் யோசனை வேண்டாம். சூளைக் காலத்துக்கு மட்டும் விடுதி, மற்ற நாளில் அவன் வீடு, அவன் அம்மா. அவன் போட்டோ உனக்கு வராது. மாதம் ஒரு முறை நான் போனைக் கொடுக்கிறேன், நீ பேசு. என்ன படித்தாய் என்று கேள், மெல்பர்னில் குளிர் எப்படி இருக்கும் என்று அவன் கேட்டால் சொல். சான்றிதழுக்கு அலைவது என் பொறுப்பு. ஓய்வு பெற்றாலும் தலைமையாசிரியை என்று சொன்னால் இன்னும் நாற்காலி போடுகிறார்கள்.

சாலையோரக் குடியிருப்பில் ஐந்தாவது முடிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் இருப்பதாக அங்கன்வாடி டீச்சர் சொன்னார். அதில் ஒருத்தி பெண். அப்பா இல்லை, அம்மா கழுவெளி ஏரியில் இறால் தடவப் போகிறவள். எனக்கென்னவோ அவளைத்தான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் அவள் அம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்காமல் ஒன்றும் உறுதி சொல்லமாட்டேன்.

இந்தக் கடிதத்தை மருமகளுக்கும் படித்துக் காட்டு, முதலில் கேட்டவள் அவள்தான். இரண்டு பேரும் பேசி மே மாதத்துக்குள் சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறந்தபின் சொன்னால் விடுதியில் இடம் இருக்காது.

அன்புடன்,
அம்மா