சேகருக்கு, கூரை போன பிறகு

செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஃப்ளோரிடா,
27 ஏப்ரல் 2025

அன்புள்ள சேகர்,

மூன்று முறை கூப்பிட்டாய். கீதா சுமதிக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். எதற்கும் நான் பதில் சொல்லவில்லை. திட்டுவதையெல்லாம் இதற்குள் மனதிலேயே திட்டி முடித்திருப்பாய் என்பதால் மன்னிப்பை இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன். நாங்கள் நலம். கார்த்திக் டாம்பாவிலேயே வீடு பார்த்துப் போய்விட்டான். சுமதிக்கு முழங்கால் வலி பழையபடி. மூர்த்தி அண்ணன் இன்னும் அதே காரைத்தான் ஓட்டுகிறார். அதைப் பற்றி வேறு எதுவும் கேட்காதே.

நீ வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டும் ஷோர் ஏக்கர்ஸில் நான் வாங்கிய வீட்டுக்குள் செப்டம்பர் 26 இரவு ஹெலீன் புயலோடு கடல் வந்தது. கார் நிறுத்தும் அறையில் முழங்கால் அளவு உப்புத் தண்ணீர். அதைத் துடைத்துக் காயவைத்து முடிக்கவில்லை, அக்டோபர் 9-ஆம் தேதி மில்டன் வந்து கூரையில் ஒரு பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு காப்பீட்டு நிறுவனம் இது காற்றால் வந்த சேதம், எங்கள் பொறுப்பு இல்லை என்றது. இன்னொன்று இது தண்ணீரால் வந்தது என்றது. காற்றும் தண்ணீரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரும் வரை நான் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்தேன். உன்னைக் கூப்பிடாததற்கு இதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் தார்ப்பாயை ஜனவரியிலேயே எடுத்தாகிவிட்டது. உண்மைக் காரணம் வேறு.

முதலில் நீ காத்திருக்கும் விஷயம். ஆமாம், நான் போனேன். உன்னுடைய நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி இங்கே நான்கு நாள் ஆட வந்தபோது ஒரு மாலை டிக்கெட் வாங்கிக்கொண்டு டாம்பாவில் உள்ள ஸ்டைன்பிரென்னர் ஃபீல்டுக்குப் போனேன். சொந்த மைதானமான டிராப்பிகானா ஃபீல்டின் கூரை மில்டனில் போனதால், நம்முடைய ரேஸ் அணி எதிரி வீட்டுத் திண்ணையில் குடித்தனம் நடத்துகிறது. வருஷா வருஷம் யாங்கீஸ் வசந்தகாலப் பயிற்சிக்கு வந்து தங்கும் மைதானம். வாசலில் யாங்கீஸின் பழைய பெரிய முதலாளி ஸ்டைன்பிரென்னர் சிலையாக நிற்கிறார். அதைத் தாண்டி உள்ளே போனால் நாங்கள் சொந்த ஊர் அணி, உன் ஆட்கள் விருந்தாளிகள். கூட்டத்தில் பாதிக்கு மேல் உன் ஆட்கள் என்பது வேறு கதை. மொத்தமே 11,000 இருக்கை. மேலே திறந்த வானம். கோடை மழைக்குப் பயந்து அட்டவணையையே மாற்றி, முதல் 59 ஆட்டங்களில் 47-ஐ இங்கே வைத்துவிட்டார்கள். ஜூலையில் என்ன செய்வார்கள் என்று பார்க்கத்தான் போகிறோம். நான் போன அன்று யார் ஜெயித்தார்கள் என்று எழுத மாட்டேன். உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். பாலம் தாண்டி ஆட்டம் பார்க்க வருவது கஷ்டம் என்று டாம்பாக்காரர்கள் சொன்னபோதெல்லாம் நாம் எவ்வளவு சிரித்திருப்போம்! ஹோவர்டு ஃப்ராங்க்லண்டு பாலத்தில் அன்று மாலை எனக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிஷம் ஆனது. கார்த்திக் தன் வீட்டிலிருந்து பன்னிரண்டு நிமிஷத்தில் வந்து, இதைத்தானே அப்பா நாங்கள் சொல்கிறோம் என்றான். அணி பாலத்தைத் தாண்டி டாம்பாவுக்கே போய்விட வேண்டும் என்பது அவன் கட்சி. வீட்டிலேயே எதிர்க்கட்சி.

டிராப்பின் கூரை போனதை நீ தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். நான் மறுநாளுக்கு மறுநாள் போய் நேரில் பார்த்தேன். புயலுக்கு முந்தின நாள் மீட்புப் பணியாளர்களுக்காக மைதானத்தில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தார்கள். நல்ல வேளையாக அவர்களை முன்பே வெளியேற்றிவிட்டார்கள். கண்ணாடி இழைத் துணிக் கூரை நார் நாராகத் தொங்கியது. எலும்பு மட்டும் மிச்சம். நாம் எத்தனை நாள் அந்தக் கட்டடத்தைக் கேலி செய்திருக்கிறோம்! சாய்ந்த தொப்பி, சோடா மூடி என்று. மேலே தொங்கும் நடைபாதையில் பந்து பட்டுத் திரும்பும்போதெல்லாம் நீ போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. ஆனாலும் நம் அணியின் வேட் போக்ஸ் தன் 3000-ஆவது அடியை ஹோம்ரனாக அடித்துவிட்டு, ஓடி வந்து மண்டியிட்டு ஹோம் பிளேட்டை முத்தமிட்டது அந்தக் கூரைக்குக் கீழேதானே. கோயில் படியைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று நீ சொன்னாய். 1999 ஆகஸ்ட். அன்று நானும் கொஞ்சம் அழுதேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

பழுது பார்க்க 5.57 கோடி டாலர் ஆகும் என்று கணக்கு வந்தது. கட்டடம் நகராட்சியுடையது, ஆகவே செலவும் நகராட்சியுடையது. இங்கேதான் எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த வருஷ ஆரம்பத்தில்தான் அந்தக் கட்டடத்தின் காப்பீட்டை 10 கோடி டாலரிலிருந்து இரண்டரைக் கோடியாகக் குறைத்திருக்கிறார்கள். அதிலும் முதல் 2.2 கோடி ஊரின் கையிலிருந்து போக வேண்டும். கட்டணத்தில் சில லட்சம் டாலர் மிச்சமாம். காப்பீட்டில் ஏமாந்த நானே அவர்களை விடக் கெட்டிக்காரன் என்று சுமதியிடம் பீற்றிக்கொண்டேன்.

இந்த ஊருக்கு இது ஒரு பழைய வியாதி, சேகர். பெண் பார்க்காமலே கல்யாண மண்டபம் கட்டியவர்கள் இவர்கள். இன்றைய டிராப்பான அந்த டோமை 1990-இல் திறந்தபோது ஊரில் அணியே கிடையாது. யாராவது வருவார்கள் என்று கட்டினார்கள். 1988-இலேயே சிகாகோ ஒயிட் சாக்ஸ் வருவதாக இருந்தது. இல்லினாய் சட்டமன்றத்தில் நள்ளிரவுக் கெடு தாண்டாமலிருக்கக் கடிகாரத்தை நிறுத்திவைத்து மசோதாவை நிறைவேற்றி அணியைத் தக்கவைத்துக்கொண்டார்கள் என்று மூர்த்தி அண்ணன் நூறு தடவை சொல்லியிருக்கிறார். 1991-இல் புது அணிகளை மயாமிக்கும் டென்வருக்கும் கொடுத்தார்கள். 1992-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸை வாங்க ஒப்பந்தம் வரை போய், மற்ற முதலாளிகள் 9-4 என்று வாக்களித்து அதையும் கெடுத்தார்கள். யோசித்துப் பார், இந்த மண்டபத்தைக் காட்டித்தான் மற்ற ஊர்க்காரர்கள் தத்தம் ஊரில் புது ஸ்டேடியம் வாங்கினார்கள். நமக்கு அணி வந்தது 1998-இல். முதல் ஆட்டம், டெட்ராய்ட்டிடம் 11-6 என்று தோல்வி, நீயும் நானும் புது வேலை, புது ஊர், ஆட்ட விதி ஒன்றும் புரியாமல் எல்லோரும் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து.

வந்த அணியும் நிலையாக இருந்ததா? கடலோரத்தில் ஆல் லேங் மைதானம் இருக்கும் இடத்தில் பாய்மரக் கூரை போட்ட புது ஸ்டேடியம் என்றார்கள். பிறகு டாம்பாவின் ஈபோர் சிட்டி என்றார்கள். அப்புறம் பாதி ஆட்டம் இங்கே, பாதி கனடாவின் மான்ட்ரியலில் என்றார்கள். சின்ன வீடு வைத்துக்கொள்ள முதல் வீட்டிடமே அனுமதி கேட்ட கதை என்று நீ சொன்னதை நான் அலுவலகத்தில் மொழிபெயர்க்க முயன்று கெட்ட பெயர் வாங்கினேன்.

கடைசியில் போன ஜூலையில் எல்லாம் கூடிவந்தது. 130 கோடி டாலரில் புது ஸ்டேடியம். ஊர் 28.75 கோடி, பினெல்லஸ் மாவட்டம் 31.25 கோடி, மீதியும் மேலே ஏறும் செலவும் அணியின் தலையில். சுற்றியுள்ள நிலத்தில் வீடுகள், கடைகள், ஓட்டல். நகராட்சி மன்றம் 5-3, மாவட்டம் 5-2 என்று ஆதரவாக வாக்களித்தன. நான் அப்போது ஆதரவும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. டிக்கெட் விலை ஏறுமே என்ற கவலை மட்டும்தான்.

புயலுக்குப் பிறகு எதிர்ப்பாளன் ஆனேன். தெருவில் ஊறிய மெத்தைகள் குவிந்து கிடக்கும்போது கோடீஸ்வரனுக்கு மைதானமா? ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். ஸ்டேடியத்தால் ஊர் வளராது என்பதில் பொருளாதார நிபுணர்களுக்குள் ஆச்சரியப்படும் அளவுக்கு ஒற்றுமை. ஒரு குடும்பம் ஆட்டத்துக்குச் செலவழிக்கும் நூறு டாலர் வானத்திலிருந்து விழுவதில்லை, அதே ஊரில் சினிமாவுக்கோ சாப்பாட்டுக்கோ போயிருக்கும் நூறு டாலர்தான். வருஷத்தில் 81 ஆட்டம், மீதி 284 நாள் கார் நிறுத்துமிடத்தில் கடற்காக்கைகள். மாவட்டத்தின் பங்கு ஓட்டல் அறை வரியிலிருந்து வருகிறது, உங்கள் பணம் இல்லை என்றார்கள். சரி, கடற்கரை மணல் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டதே, அந்த வரியில் மணல் போடக் கூடாதா? பார், இப்போதும் வேகம் வந்துவிட்டது.

டிசம்பர் முதல் வாரத்தில் புது ஸ்டேடியத்துக்கான கடன் பத்திரம் பற்றி நகராட்சி மன்றக் கூட்டம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். நான் பெயர் கொடுத்தேன். சிரிக்காதே. கல்லூரியில் நன்றியுரை சொல்லப் போய் மேடையிலிருந்து இறங்கி ஓடிய அதே நான்தான். இரண்டு பக்கம் எழுதி, சமையலறையில் சுமதி அடுப்புக் கடிகாரத்தில் நேரம் பார்க்க, ஆறு முறை ஒத்திகை. காப்பீட்டு விஷயத்தில் ஒரு நல்ல குத்தல் வைத்திருந்தேன்.

எனக்கு முன்னால் ஒரு கறுப்பின மூதாட்டி, எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கைத்தடியோடு ஒலிவாங்கிக்கு நடந்து போகவே அரை நிமிஷம் ஆனது. தான் பிறந்த வீடு டிராப்பின் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

சேகர், கேஸ் பிளான்ட் என்ற பெயர் நமக்குத் தெரியும். பலகையில் பார்த்திருக்கிறோம். இரண்டு பெரிய எரிவாயு உருளைகள் நின்ற இடம், கறுப்பின மக்கள் குடியிருந்தார்கள் என்பது வரை தெரியும். ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள், ஒன்பது தேவாலயங்கள், கடைகள், எல்லாவற்றையும் காலி செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. முதலில் சொன்னது ஸ்டேடியமே இல்லையாம். தொழிற்பேட்டை வரும், வேலை வரும், நல்ல வீடுகள் வரும் என்று சொல்லி எழுப்பியிருக்கிறார்கள். அப்புறம் பேஸ்பால் ஆசை வந்துவிட்டது. இருபத்தேழு வருஷம் நீயும் நானும் பத்து டாலர் மிச்சம் பிடிக்க எங்கே காரை நிறுத்துவது என்று சண்டை போட்டது யாருடைய சமையலறையின் மேலோ.

அவர் எதிர்த்துப் பேசப் போகிறார் என்று நினைத்து என் தாளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் ஆதரித்தார். இந்தத் திட்டத்தில் எளியவர்களுக்கு ஆயிரத்துக்கு மேல் வீடுகள் என்று எழுதியிருக்கிறதே, நாற்பது வருஷம் கழித்தாவது அது எழுத்தில் இருக்கிறதே, அதைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். பேஸ்பாலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குப் பின் அதே பகுதிக் குடும்பத்து இளைஞன் ஒருவன் எழுந்து, பாட்டி காலத்தில் ஒரு முறை நம்பியது போதும் என்று நேர் எதிராகப் பேசினான். மூதாட்டி திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, மறுத்தாரா என்று தெரியவில்லை.

அடுத்து என் பெயர். பெயரைச் சொன்னேன். 1997-இலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன் என்றேன். தாளைப் பார்த்தேன். எல்லாம் என் கூரை, என் வரி, என் காப்பீடு. நீங்கள் எப்படி வாக்களித்தாலும் அந்த அம்மாவுக்குச் சொன்ன வீடுகளைக் கட்டுங்கள் என்று ஏதோ உளறிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாற்பது விநாடி. இரண்டு நிமிஷம் இருபது விநாடியை நகராட்சிக்கு நன்கொடையாகக் கொடுத்தேன். கார்த்திக் நேரலையில் பார்த்துவிட்டு, அப்பா நீங்கள் எந்தக் கட்சி என்று செய்தி அனுப்பினான். அன்றிலிருந்து இந்த விஷயத்தைத் தவிர்த்து உன்னோடு பேச முடியாது, இந்த விஷயத்தைப் பேசினால் நீ கேலி செய்வாய். அதனால் பேசாமலே இருந்தேன். இதுதான் காரணம்.

அன்று மன்றம் சம்மதித்தது. இரண்டு வாரத்தில் மாவட்டமும் சம்மதித்தது. மார்ச் 13-ஆம் தேதி ரேஸ் முதலாளி ஸ்டெர்ன்பெர்க் தாமே திட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். புயல், தாமதம், செலவு ஏறிவிட்டது என்று காரணம். எதிர்த்தவன் நான், ஜெயித்திருக்கிறேன், இல்லையா? சுமதி இனிப்பு செய்யட்டுமா என்று கிண்டலாகக் கேட்டாள். எனக்கு அந்த மூதாட்டியின் கைத்தடிதான் ஞாபகம் வந்தது. அந்தத் தாளில் எழுதியிருந்த வீடுகளும் ஸ்டேடியத்தோடு சேர்ந்தே போய்விட்டன. இனி யார் வந்து என்ன எழுதுவார்கள்? இன்று காலையிலும் அந்தப் பக்கம் போனேன். கூரையில்லாத கட்டடத்தைச் சுற்றி வேலி. கார் நிறுத்துமிடத்தில் ஒரு வண்டி கூட இல்லை.

அணி போகுமா, இருக்குமா என்று என்னைக் கேட்காதே. கார்த்திக்கைக் கேள், அவனுக்கு எல்லாம் தெரியும்.

ஒரு விஷயம் விட்டுப்போனது. ஹெலீன் தண்ணீரில் நனைந்த பெட்டிகளைப் பிரித்தபோது உன் தொப்பி கிடைத்தது. 1998-இல் வாங்கியது, டெவில் ரேஸ் என்று வானவில் நிறத்தில் எழுதியது. நீ யாங்கீஸ் பக்கம் தாவிப் போகும்போது என்னிடமே விட்டுவிட்டாய். மூன்று முறை துவைத்தும் உப்புக் கறை போகவில்லை, ஆனால் நிறம் நிற்கிறது. அனுப்பட்டுமா, அல்லது ஜூனில் நீயே வந்து வாங்கிக்கொள்கிறாயா? கீதாவிடம் சொல், விருந்தினர் அறைச் சுவர் இன்னும் பூசவில்லை.

அன்புடன்,
பாலு