மூக்கில் ஒரு பொட்டு

திருநெல்வேலி,
மார்கழி 5

அன்பு மகளுக்கு,

நேற்று நாம் பேசியபோது இங்கே காலை ஏழு மணி. டொரோண்டோவில் உங்களுக்கு முந்தின நாள் இரவு எட்டரை. என் முகத்தில் வெயில் விழுவதைத் திரையில் பார்த்த பாப்பா, "தாத்தா, எங்கள் சூரியனை நீங்கள் எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டாள். சூரியன் தூங்கப் போய்விட்டது என்று நீ சொல்லிவிட்டாய். அது நான் உனக்குச் சொன்ன பதில்தான் அம்மா. நாலு வயதில் நீ கேட்டபோது, பொதிகை மலைக்குப் பின்னால் படுத்துக்கொண்டது என்றேன்.

அதைவிடப் பெரிய தவறும் செய்தேன். நீ மூன்றாம் வகுப்பு படிக்கையில், மின்சாரம் போன ஓர் இரவு சாத்துக்குடியை மேசையில் வைத்து, அரிக்கேன் விளக்கை அதைச் சுற்றிக் கொண்டுபோய்க் காட்டினேன். சூரியன் பூமியைச் சுற்றுவதால் இரவு வருகிறது என்று பரீட்சையில் எழுதிவிட்டு, மதிப்பெண் போய் அழுதுகொண்டு வந்தாய். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பாப்பாவுக்கு விளக்கை நகர்த்தாதே. அவளையே பூமி ஆக்கு. அறையை இருட்டாக்கி ஒரே ஒரு விளக்கை ஏற்றிவை. அவள் மூக்கு நுனியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு: அது நம் ஊர். பின்மண்டையில், சற்று வலப்பக்கமாக இன்னொன்று: அது உங்கள் ஊர். நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெல்லத் திரும்பச் சொல். இடது காதுப் பக்கம் விளக்கு தெரிகையில் தாத்தாவுக்கு விடிகிறது. மூக்குக்கு நேரே வந்தால் உச்சிப்பொழுது. வலது காதைத் தாண்டினால் பொழுது சாய்ந்தது. அப்போது பின்மண்டைப் பொட்டு வெளிச்சத்துக்கு வருவதை நீ கைபேசியில் படம் எடுத்துக் காட்டு. விளக்கை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவளே சொல்வாள்.

ஒரு முழுச் சுற்று ஒரு நாள். 24 மணி நேரத்தில் 360 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். நம் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 157 பாகை. பெருக்கிப் பார், நம் கடிகாரங்களுக்கு இடையே உள்ள அந்தப் பத்தரை மணி நேரம் ஏறக்குறைய வந்துவிடும்.

பூமி சூரியனைச் சுற்றி வருவதை இப்போது சொல்லாதே. அது ஆண்டுக் கணக்கு. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் குழந்தைகள் குழப்பிக்கொள்கிறார்கள்.

சுழல்வது ஏன் தெரியவில்லை என்று நிச்சயம் கேட்பாள். நெல்லையில் நான் நிற்கும் தரை மணிக்குச் சுமார் 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போகிறது. வீடும் மரமும் காற்றும் அதே வேகத்தில், குலுக்கலின்றிக் கூடவே வருவதால் தெரிவதில்லை. 499-ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய நூலில் ஆரியபட்டர் இதற்குப் படகைச் சொன்னார்: முன்னே போகும் படகில் இருப்பவனுக்குக் கரையில் நிற்பவை பின்னே போவதாகத் தெரிகின்றன, அப்படியே, நிற்கும் விண்மீன்கள் மேற்கே போவதாக நமக்குத் தெரிகின்றன. பாப்பா ரயிலில் போயிருக்கிறாள். அதைக் கேட்டாலே போதும்.

உங்கள் ஊர் நேரப்படி சனிக்கிழமை இரவு எட்டரைக்கு அழை. நான் வாசலில் வேப்பமரத்தடியில், கிழக்கே பார்த்து நிற்பேன். என் மூக்கிலும் ஒரு பொட்டு இருக்கும்.

உன் அப்பா