தோண்டிப் பழகாமல் மலையேற வேண்டாம்: ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) மன்றச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். இந்த ஆண்டின் பனிச்சரிவுப் பயிற்சியும் மண்டபத்தில் ஒரு மணி நேரப் படக்காட்சியோடும், வண்டி நிறுத்துமிடத்தில் முழங்கை ஆழத்தில் புதைத்த ஒரே ஒரு டிரான்ஸீவரை (புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சிறு ரேடியோ கருவியை) தேடியதோடும் முடிந்துவிட்டது. பலருடைய ஷவலும் (பனி வாரும் மண்வாரி), பனியில் குத்தித் தேடும் ப்ரோப் கம்பியும் வண்டியின் பின்பையிலேயே கிடந்தன. கேட்பார் இல்லை.

பனிச்சரிவு வந்தால் வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். பையோடு வண்டி புதைந்துவிட்டால் தப்பியவர் வெறுங்கையோடுதான் நிற்பார். டிரான்ஸீவர் உடம்பில், ஷவலும் ப்ரோப்பும் முதுகுப்பையில் என்பதைப் பார்த்த பிறகே யாரையும் கிளம்ப விடவேண்டும்.

தோண்டுவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நேரத்தைத் தின்பதே அதுதான். முதல் பத்து நிமிடம் தாண்டினால் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு மளமளவென்று குறையும். சரிந்து நின்ற பனியோ சிமென்ட்டாக இறுகிவிடும், பிளாஸ்டிக் ஷவல் அதில் முறியும். ப்ரோப் ஆளைத் தொட்டதும் கம்பியைப் பிடுங்கக் கூடாது. அதே இடத்தில் நின்று நேர்கீழே வெட்டவும் கூடாது, புதைந்தவர் முகத்தெதிரே மூச்சுவிட மிஞ்சிய வெற்றிடம் நசுங்கிவிடும். ஒன்றரை மீட்டர் ஆழமென்றால் ப்ரோப்பிலிருந்து மலைச்சரிவின் கீழ்ப்பக்கமாக இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தள்ளி ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் முன்னால் வெட்ட, மற்றவர்கள் பனியைப் பின்னுக்குத் தள்ள, முன்னால் நிற்பவர் அடிக்கடி மாற வேண்டும். இடுப்பு ஒடிய ஒருமுறை செய்தவருக்கே இது கைவரும்.

ஆகவே கேட்கிறோம்: பருவம் தொடங்குமுன் ஒவ்வொரு உறுப்பினருக்கும் மலையில் ஒரு முழுநாள் மீட்புப் பயிற்சி. செய்யாதவருக்குக் குழுப் பயணத்தில் இடமில்லை.

2008 டிசம்பர் 28 அன்று கனடாவின் ஃபெர்னி அருகே ஹார்வி கணவாயில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். புதைந்தவர்களைத் தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மேலும் அடுத்த பனிச்சரிவு விழுந்தது. 11 பேரில் 8 பேர் திரும்பவில்லை. அதன் பிறகும் நம் பயணங்களில் ஒருவர் வண்டி மலைச்சரிவில் சிக்கி நின்றால் இன்னொருவர் உதவிக்கு ஏறுகிறார், மற்றவர்கள் அடிவாரத்தில் வரிசையாக நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மலைச்சரிவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் என்ற விதியை யார் சொல்லித் தருவது? புது வண்டிக் கண்காட்சிக்கு ஒரு வாரயிறுதி முழுக்க ஒதுக்கும் மன்றத்துக்கு, இதற்கு ஒரு நாள் கிடைக்காதா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. அந்த ஒரு முழுநாள் பயிற்சிக்கான தேதியை அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்ற உறுப்பினர்கள் சிலர்