ஸ்கேனில் தெரியாத பை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில், வலியே இல்லாமல் மலத்தில் ரத்தம் போகும் தன் மூன்று வயதுக் குழந்தையைப் பற்றி ஒரு தாய் கேட்டிருந்தார். அவருக்கு அளிக்கப்பட்ட பதில் பெரும்பாலும் சரியானதே. ஆனால், 'மெக்கல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் பிறவிக் குடல்பை இல்லை என்று நிம்மதியடையலாம்' என்ற கடைசி வரியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. கதிரியக்க மருந்தைக் கொண்டு உடலுக்குள் படம் எடுக்கும் அணு மருத்துவப் பிரிவில் காமா கேமராவின் அருகில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கருவின் தொடக்க வாரங்களில் சிசுவின் குடலுக்கும் கருவுணவுப்பைக்கும் இடையே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. ஏழு, எட்டு வாரங்களுக்குள் அது சுருங்கி மறைந்துவிட வேண்டும். சிலருக்கு அதன் குடல்பக்க முனை மட்டும் மறையாமல், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் விரல் நுனி போன்ற ஒரு பையாகத் தங்கிவிடுகிறது. 1598-லேயே இது கண்ணில் பட்டிருந்தாலும், இதன் பிறப்பு மூலத்தை 1809-இல் விளக்கியவர் ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் யோஹான் ஃப்ரீட்ரிக் மெக்கல் என்பதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. நூறு பேரில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

தொல்லை தரும் பைகளில்தான் விஷயம் இருக்கிறது. இந்தப் பையின் உட்சுவரில் சில நேரங்களில் இரைப்பையின் சளிச்சவ்வு இடம் மாறி வளர்ந்திருக்கும். அது தன் இயல்புப்படி அமிலத்தைச் சுரக்கிறது. அமிலத்தைத் தாங்கப் பழகாத அருகிலுள்ள சிறுகுடல் சவ்வு புண்ணாகி, அந்தப் புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது. மெக்கல் ஸ்கேன் தேடுவது இந்தச் சளிச்சவ்வைத்தான்; பையை அல்ல. நரம்பில் செலுத்தப்படும் டெக்னீஷியம்-99எம் பெர்டெக்னிடேட் என்ற கதிரியக்க மருந்தை இரைப்பைச் சளிச்சவ்வு எங்கே இருந்தாலும் ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். அங்கிருந்து வெளிப்படும் காமா கதிர்களை கேமரா படமாக்கும். இந்த முறையில் பையைக் கண்டறிந்த செய்தி முதன்முதலில் வெளிவந்தது 1970-இல். ஆகவே, இரைப்பைச் சவ்வு இல்லாத பை குடலடைப்பையோ, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்ளும் குடல் செருகலையோ, குடல்வால் அழற்சி போன்ற வலியையோ உண்டாக்கினாலும் இந்த ஸ்கேனில் சுத்தமாகத் தெரியாது. அது கருவியின் குறை அன்று. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பையிலிருந்து ரத்தம் கசியும் குழந்தைகளில்கூட இந்த ஸ்கேன் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேரிடமே பையைக் காட்டிக்கொடுக்கிறது. பெரியவர்களில் இந்த எண்ணிக்கை சுமார் 60 ஆகக் குறைந்துவிடுகிறது. சவ்வின் பரப்பு மிகச் சிறியதாக இருப்பது, ரத்தப்போக்கு வேகமாக இருப்பதால் மருந்து தங்காமல் அடித்துச் செல்லப்படுவது, நிரம்பிய சிறுநீர்ப்பை பையை மறைத்துவிடுவது என்று இதற்குக் காரணங்கள் பல.

எங்கள் அறையில் நடப்பதைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, கேமராவின் தட்டை வயிற்றுக்கு மிக அருகே இறக்கி நிறுத்துவோம். தாய் தலைமாட்டில் அமர்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பார். மருந்து ஏறிய சில நிமிடங்களில் திரையின் மேற்பகுதியில் இரைப்பை துலங்கத் தொடங்கும். பை இருந்தால், பெரும்பாலும் வலது அடிவயிற்றில், இரைப்பையோடு ஒரே நேரத்தில் ஒரு புள்ளி தோன்றி, இரைப்பை துலங்கத் துலங்க அதுவும் துலங்கும். இந்த இணைநடைதான் முக்கியம். தொடக்கத்தில் பளிச்சென்று தோன்றி மங்கிப்போனால் அது வெறும் ரத்தத் தேக்கமாக இருக்கலாம். நேரம் சென்று தோன்றிக் கீழ்நோக்கி நகர்ந்தால் அது சிறுநீர்க்குழாயாக இருக்கலாம். அதனால்தான் ஒருக்களித்துப் படுக்கவைத்து ஒரு படம், சிறுநீர் கழிக்கச் செய்து ஒரு படம் என்று அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுமையாக எடுக்கிறோம். இதில் அவசரப்படுகிறவர் புள்ளியைத் தவறவிடுவார், அல்லது இல்லாத புள்ளியைக் கண்டுபிடிப்பார்.

என் கையில் நேர்ந்த ஒரு தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நான் எடுத்த படத்தில் புள்ளி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும் பிரகாசமாக இருந்தன. இரைப்பையே மங்கலாகத்தான் தெரிந்தது. இரைப்பை துலங்காத படத்தில் பையைத் தேடுவதில் பொருளில்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ரத்தம் கசியும் இடத்தைக் கண்டறிய, சிவப்பணுக்களில் டெக்னீஷியத்தை ஒட்டவைக்கும் வேறொரு ஸ்கேன் மூன்று நாட்களுக்கு முன்பு அவனுக்கு எடுக்கப்பட்டிருந்தது என்பது பிறகே தெரியவந்தது. அதற்குப் பயன்படுத்தும் வெள்ளீய உப்பு ரத்தத்தில் எஞ்சியிருந்தால், அடுத்து செலுத்தும் பெர்டெக்னிடேட் சவ்வுக்குச் செல்லாமல் சிவப்பணுக்களிலேயே ஒட்டிக்கொள்ளும். அவனுடைய தாயிடம், 'எப்போது கடைசியாகப் பால் குடித்தான்?' என்று கேட்டேனே தவிர, 'வேறு ஸ்கேன் ஏதாவது எடுத்தீர்களா?' என்று கேட்கவில்லை. சில வாரங்கள் கழித்து முறையான தயாரிப்புடன் மறுபடி எடுத்தபோது புள்ளி தெளிவாகத் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் சுமார் இரண்டு அங்குல நீளப் பை ஒன்று அகற்றப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அவனுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

தயாரிப்பு என்று நான் சொல்வது பெரிய காரியமில்லை. சில மணி நேரம் வெறும் வயிறு, அதுவும் கைக்குழந்தையானால் குறைந்த நேரமே போதும். அதற்கு முந்தைய சில நாட்களில் பேரியம் குடித்து எக்ஸ்ரே எடுத்திருக்கக் கூடாது. சிவப்பணு ஸ்கேனும் தேவைப்பட்டால் மெக்கல் ஸ்கேனை முதலில் எடுக்க வேண்டும். பல இடங்களில் ஃபாமோடிடின் போன்ற அமிலக் குறைப்பு மருந்தையும் முன்கூட்டியே கொடுக்கிறார்கள். அமிலத்தை அடக்கினால் படம் மங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. உண்மை நேர்மாறானது: சவ்வு மருந்தை உள்ளே இழுப்பதை அது தடுப்பதில்லை, இழுத்ததைக் குடலுக்குள் வெளிவிடுவதைத்தான் குறைக்கிறது, அதனால் புள்ளி கலையாமல் நின்று தெரிகிறது.

கதிரியக்கம் என்றதும் பெற்றோர் பதறுவது இயல்பு. டெக்னீஷியம்-99எம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துவிடும். குழந்தையின் எடைக்கேற்பவே அளவும் தீர்மானிக்கப்படுகிறது. சிதைந்து டெக்னீஷியமாக மாறும் அதன் தாய் ஐசோடோப்பான மாலிப்டினம்-99 அடைத்த கலத்திலிருந்து காலைதோறும் உப்புநீரைக் கொண்டு இதைப் பிரித்தெடுப்பதைப் 'பால் கறப்பது' என்றும் அந்தக் கலத்தைப் 'பசு' என்றும் எங்கள் துறையில் சொல்வார்கள். படம் முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம், வழக்கம்போல் உணவும் கொடுக்கலாம். மருந்தின் ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறுவதால் அன்று முழுவதும் டயப்பர் மாற்றியதும் கையை நன்றாகக் கழுவிக்கொண்டால் போதும்.

ஆகவே அந்தத் தாய்க்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். ஸ்கேன் சுத்தமாக வந்த பிறகும் ரத்தம் போவது தொடர்ந்தால், எந்தத் தயாரிப்புடன் அது எடுக்கப்பட்டது, படத்தில் இரைப்பை நன்றாகத் துலங்கியதா என்ற இரண்டு கேள்விகளையும் அவர் மருத்துவரிடம் கேட்க வேண்டும். தேவையானால் தக்க தயாரிப்புடன் மறு ஸ்கேன் எடுக்கலாம். அதிலும் தெரியாமல் சந்தேகம் வலுவாக இருந்தால் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவைச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி மூலம் சிறுகுடலை நேரில் பார்த்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அணு மருத்துவத் தொழில்நுட்பர்