மூலம் பெட்டிக்குள், பிரதி சுவரில்

மட்டக்களப்பின் பழைய நிழற்படங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நீங்கள் நடத்திய கண்காட்சி முடிந்து, அதற்காக வீடுகளில் இரவல் வாங்கிய படங்கள் சொந்தக்காரரிடம் திரும்பிவிட்டன. எந்தக் கோலத்தில் திரும்பின என்பது உங்களுக்கும் தெரியும். எல்லாம் லெமினேட் செய்யப்பட்டு, பளபளவென்று, நடுவில் உங்கள் முத்திரையோடு. "பாதுகாப்புக்காகச் செய்தோம்" என்று சொல்லப்பட்டதாம். நோக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் செய்தது பாதுகாப்பு அல்ல.

ஏனென்று சொல்கிறோம். அந்தக் காலத்துப் படம் வெறும் கடதாசி அல்ல. கடதாசியின் மேல் மெல்லிய ஜெலற்றின் படை, அதற்குள் வெள்ளித் துகள்கள். உருவம் இருப்பது அந்தப் படையில். லெமினேட் உருளையின் சூடு 100 பாகை செல்சியசைத் தாண்டும். உருகிய பசை ஜெலற்றினோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிளாஸ்டிக்கை உரித்தால் முகமும் சேர்ந்து உரிந்து வரும். வாவிக் காற்றில் கடதாசி எப்போதும் கொஞ்சம் ஈரத்தோடுதான் இருக்கும். அந்த ஈரமும் உள்ளே அடைபட்டுவிடும். ஓரம் ஒரு இடத்தில் பிரிந்தால் போதும், பூஞ்சணம் உள்ளே போய்க் குடியேறும். துடைக்கவும் வழியில்லை.

இதைவிட மனத்தை வருத்துவது அட்டை. கல்யாணக் கூட்டப் படங்கள் 10 × 12 அங்குல அட்டையில் ஒட்டி வருவது வழக்கம். ஏ4 லெமினேட் உறைக்குள் அடங்கும் தாள் 8¼ × 11¾ அங்குலந்தான். அட்டை அடங்கவில்லை என்று நான்கு ஓரத்தையும் வெட்டியிருக்கிறீர்கள். அந்தக் கீழ் ஓரத்தில்தான் ஸ்டூடியோக்காரர் தன் பெயரையும் ஊரையும் அழுத்திப் பொறித்திருப்பார். அட்டையின் பின்பக்கத்தில் ஓரமாக, வீட்டார் பென்சிலால் யார் யார் நிற்கிறார்கள், எந்த வருடம் என்று எழுதி வைத்திருப்பார்கள். படத்தின் பிறப்புச் சான்றிதழே அதுதான். 1978 சூறாவளிக்குத் தப்பி, 2004 சுனாமிக்கும் தப்பி வந்த படங்கள், ஒரு கத்தரிக்கோலுக்குத் தப்பவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மூலம் பெட்டிக்குள் இருக்கட்டும், பிரதி சுவரில் தொங்கட்டும்.

பிரதி எடுப்பது பெரிய வித்தை அல்ல. தட்டை ஸ்கேனரில், அங்குலத்துக்கு 600 புள்ளி, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு. பக்கத்தில் ஒரு அளவுகோல். அட்டையின் ஓரம் வரை முழுதாக வரவேண்டும், பின்பக்கத்துக்கும் தனியாக ஒன்று எடுக்கவேண்டும். முத்திரை குத்தியே ஆகவேண்டும் என்றால் பிரதியில் குத்துங்கள், தாராளமாக. மூலத்தில் இலக்கம் இடுவதென்றால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சில் மட்டும். போல்பொயின்ற் பேனையின் அழுத்தம் முன்பக்கத்தில் வரியாகத் தெரியும். ரப்பர் பட்டி போடவேண்டாம். அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும்.

பிலிமுக்கு முன் படம் பிடிக்கப் பயன்பட்ட கண்ணாடித் தட்டுகள் வேறு கதை. அரைத் தட்டு என்று சொல்லும் 6½ × 4¾ அங்குல நெகற்றிவ்களை உங்கள் லாச்சியில் சோற்றுத் தட்டுப் போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. அடியில் கிடப்பது பாரத்தில் வெடிக்கும். நடுவில் கிடப்பவை ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் அமிலமில்லாக் கடதாசி உறையில் போட்டு, நீளப் பக்கம் கீழே இருக்க நிறுத்தி வையுங்கள். மங்கலாகத் தெரியும் பக்கம் உருவம் உள்ள பக்கம், அதைத் தொடவே கூடாது. உடைந்ததை செலோடேப்பால் ஒட்டவேண்டாம். துண்டுகளை ஒன்றோடொன்று உரசாமல் தட்டையாக வைத்தால் போதும்.

தலைப்புகளையும் ஒருமுறை பாருங்கள். கல்லடிப் பாலம் தெளிவாகத் தெரியும் படத்துக்குக் கீழே "1910" என்று எழுதியிருந்தது. அந்த இரும்புப் பாலம் திறந்தது 1924இல். இன்னொன்றில் புகையிரதம் நிற்கிறது, கீழே "1920". மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். பாலமீன்மடு வெளிச்சவீடு தெரிந்தால் படம் 1913க்கு முந்தியதாக இருக்கமுடியாது. கோட்டை 1628இலிருந்து நிற்பதால் அதை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது. தெரியாத வருடத்தை எழுதாமல் விட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

செயலியைக் கொண்டு நிறம் தீட்டிய படங்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அக்காலத் தட்டுகளில் பெரும்பாலானவை சிவப்பை அறியாதவை. நீலத்துக்கே அதிகம் கூசும். அதனால் நீல வானம் வெறும் வெள்ளையாக வரும், சிவப்புச் சேலை கறுப்பாக வரும். குங்குமப் பொட்டும் கறுப்புத்தான். இது தெரியாத செயலி ஒன்று மணப்பெண்ணுக்குக் கபில நிறச் சேலை உடுத்தி, கரிப்பொட்டும் வைத்து, போதாததற்கு முகத்தையும் திருத்தி அழகாக்கியிருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கே அடையாளம் தெரியவில்லை. திறப்பு விழாவில் பொன்னாடைக்கும் மாலைக்கும் போன காசில் எத்தனை கடதாசி உறை வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கை இங்கே எழுதவில்லை.

கடுமையாக வந்த சொல்லைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது பணம் அல்ல, பதவியும் அல்ல. மூலம் பெட்டிக்குள், பிரதி சுவரில். இதை ஒரு எழுத்துமூல விதியாக்கி, இரவல் வாங்கும் படிவத்திலேயே அச்சிட்டுத் தாருங்கள். அப்போதுதான் ஆட்கள் இனியும் அலுமாரியைத் திறந்து தருவார்கள்.

மாரி தொடங்குமுன் அந்த லாச்சியை நிலத்திலிருந்து மேலே தூக்கிவிடுங்கள். 2011 தை மாத வெள்ளம் எந்த அளவுக்கு வந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தப்பித்தவறி நனைந்தால் துடைக்கவேண்டாம், வெயிலில் போடவும் வேண்டாம். ஒட்டியிருக்கும் படங்களைச் சுத்தமான குளிர்ந்த தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிரித்து, முகம் மேலே பார்க்க, நிழலில் உலரவிடுங்கள். இரண்டு நாளுக்குள் செய்யவேண்டிய வேலை அது. பிந்தினால் பூஞ்சணம் முந்திவிடும்.

கடைசியாக ஒன்று. வெட்டிய ஓரத் துண்டுகள் இன்னும் குப்பைக்குப் போயிருக்காது என்று நம்புகிறோம். தயவுசெய்து லெமினேட் இயந்திரம் இருக்கும் மேசைக்குக் கீழே தேடச் சொல்லுங்கள். கிடைப்பவற்றைப் படத்தின் இலக்கத்தோடு ஒரு உறையில் போட்டு, அந்தந்த வீட்டுக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
படங்களை இரவல் தந்தவர்கள் சார்பில்