வலிக்காத வாய்ப்புண்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாய்ப்புண் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வைட்டமின் குறைவு, தூக்கமின்மை, கூரான பல் கன்னத்தில் உரசுவது எனப் பல காரணங்களைத் தெளிவாகவே சொல்லியிருந்தார்கள். பால்வினை நோய் என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. 22 ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்ப்பவள் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கீழுதட்டில் புண்ணோடு ஓர் இளைஞர் தாயாருடன் என்னிடம் வந்தார். இரண்டு வாரமாக பி காம்ப்ளக்ஸ் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். சாதாரண வாய்ப்புண்ணைத் தொட்டாலே ஆள் துள்ளிவிடுவார். இவரோ அசையவில்லை. கையுறை விரலால் அழுத்தினால் உதட்டுக்குள் சட்டைப் பொத்தானை வைத்துத் தைத்ததுபோல் கெட்டியாக இருந்தது. தாடைக்கடியில் நெறி கட்டியிருந்தது, அதிலும் வலியில்லை. தாயாரை வெளியே அமரச் சொல்லிவிட்டு, வாய்வழி உறவு உண்டா என்று கேட்டேன். கூரையையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்லத் தலையசைத்தார். ரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் என்ற பால்வினை நோய் உறுதியானது.

இந்தப் புண் மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதே கிருமி உடலெங்கும் பரவும். பிறகு உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பு வரலாம், வாய்க்குள் வெளிறிய படலம் தோன்றலாம். அவையும் மறைந்துபோகும். சிகிச்சை இல்லாவிட்டால், பல ஆண்டுகள் கழித்து மூளையிலோ இதயத்திலோ கைவைக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் 24 லட்சம் யூனிட் பென்சாதின் பென்சிலின் ஊசி, பெரும்பாலும் ஒரே தவணை போதும். புண் வந்த புதிதில் பரிசோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும். சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

வாய்வழி உறவால் வருபவை இன்னும் உண்டு. கொனோரியா என்ற பால்வினை நோய் தொண்டையில் இருந்தால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. உறவின் மூலம் பரவும் எச்பிவி என்ற வைரஸின் 16ஆம் வகை, டான்சில் பகுதியிலும் அடிநாக்கிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும். அதைத் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது.

அதற்காக, உதட்டில் கொப்புளம் கண்டதும் துணைமீது சந்தேகப்படாதீர்கள். அது பெரும்பாலும் ஹெர்ப்பிஸ் என்ற வைரஸின் முதல் வகையால் வந்ததாக இருக்கும். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அந்தக் கிருமி இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. பலருக்குக் குழந்தைப் பருவத்தில் கிடைத்த முத்தத்தோடு வந்தது அது. இது தெரியாமல் என் கண்ணெதிரே ஒரு கணவனும் மனைவியும் முகம் கொடுத்துப் பேசாமல் எழுந்துபோனார்கள். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்தப் புண்ணையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கேட்பதற்கு எங்களுக்கும் கூச்சம் இருக்கிறது. நானே தொடக்க காலத்தில் கேட்காமல் எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். நாங்கள் கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்லுங்கள். அந்த இளைஞர் சொன்னதால்தான் அவருடைய துணைக்கும் உடனே சிகிச்சை கிடைத்தது. அடுத்த இதழிலாவது ஒரு பால்வினை நோய் மருத்துவரை எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்